அரியருக்கு ஆபரேஷன்!

எங்க ரூம்ல மொத்தம் ஆறு பேர். அதில் அஞ்சு பேருக்கு அரியர் உண்டு. ஆனா, ஆறு பேருக்கும் பொதுவா ஒரே ஒரு 'அரியர்' இருக்கு. காபி கலர், வெள்ளை வால், ஏழு கிலோ வெயிட். மறைமலைநகர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒருநாள் பொறை பிஸ்கட் போட்டோம். அன்னிக்கு ஆரம்பிச்சது... எவ்வளவு விரட்டியும் பின்னாடியே வந்துச்சு, கிளியரே ஆகலை. பேர் அப்படித்தான் வந்தது!

போன வருஷம் அரியர் மேடம் அஞ்சு குட்டி போட்டாங்க. நாய்க்குக் கர்ப்பகாலம் சுமார் 63 நாள்தான். நம்ம செமஸ்டர்ல பாதிகூட இல்லை. குட்டிங்க கண்ணைத் திறந்து, நடக்கப் பழகி, ஓடப் பழகினதும் நேரா ஓடினது ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு. மூணு குட்டி லாரியில் போச்சு. ஒண்ணு எதனால செத்துச்சுன்னே தெரியலை. மிஞ்சின ஒண்ணை டீ மாஸ்டர் தன் ஊருக்குக் கொண்டுபோயிட்டார். மூணாவது குட்டியை ரோட்டிலிருந்து அள்ளி ஓரமாப் புதைச்சது எங்க சேலத்துக்காரன். ராத்திரி மெஸ்ஸுக்கு வரலை. மறுநாள் காலையில் பல் விளக்கிக்கிட்டே, "மச்சி, இதுக்கு ஆபரேஷன் பண்ணிடலாம்டா"ன்னான்.

விஷயம் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி காதுக்குப் போச்சு. "வாயில்லா ஜீவன் குட்டி போடுறதைத் தடுக்கிறது பாவம் இல்லையாப்பா? உங்க வீட்ல இதான் சொல்லிக்கொடுத்தாங்களா?"ன்னு மாடிப்படியிலேயே நிறுத்திக் கேட்டாங்க. சத்தியமா எங்ககிட்ட பதில் இல்லை.

பதில் தேடிப் போனா, அது நம்ம சென்னையிலேயே கிடைச்சது. ஒரு காலத்தில் தெருநாய் பெருகினா கார்ப்பரேஷனுக்குத் தெரிஞ்ச ஒரே வழி, பிடிச்சுக் கொல்றது. 1959-ல் கேப்டன் சுந்தரம் என்ற பைலட் ஆரம்பிச்ச புளூ கிராஸ் அமைப்பு, 1964-லேயே 'கொல்லாதீங்க, கருத்தடை பண்ணுங்க'ன்னு சொல்லி வேலையைத் தொடங்கிடுச்சு. முன்னாடி நின்றவர் அவர் மகன் சின்னி கிருஷ்ணா... ஒரு இன்ஜினீயர்! (நம்ம இனம், காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.) 'எவ்வளவு கொன்றாலும் எண்ணிக்கை குறையலையே, அப்போ மெத்தட் தப்பு'ன்னு கணக்குப் போட்டுச் சொன்னவர் அவர். தினமும் 135 நாய்கள் வரைக்கும் சாகடிக்கப்பட்டதா எழுதியிருக்கார். கார்ப்பரேஷன் அதைக் கேட்டு வழிமாற 1996 ஆயிடுச்சு. முப்பத்திரண்டு வருஷம்! அப்புறம் 2001-ல் நாடு முழுக்க விதியாவே வந்து, 2023-ல் புதுசா மாற்றி எழுதப்பட்டிருக்கு. ஆன்ட்டிகிட்ட இதை எல்லாம் ஒப்பிச்சோம். "என்னமோ பண்ணுங்க. ராத்திரி கத்துச்சுன்னா ரூமைக் காலி பண்ணிடணும்"னு உள்ளே போயிட்டாங்க.

குட்டிங்க பால் குடி மறந்து, அரியருக்கு மடி வத்தினப்புறம்தான் டாக்டர் தேதி கொடுத்தார். முந்தின ராத்திரியில் இருந்து பட்டினி. மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போயிடக் கூடாதாம். ஆளுக்குக் கொஞ்சமா வசூல் பண்ணி, ஆட்டோவில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். ஒரு மணி நேரத்துக்குள்ளே கர்ப்பப்பை, சினைப்பை ரெண்டையும் எடுத்துட்டு, வயித்துல ரெண்டு இன்ச்சுக்குத் தையல். காது நுனியில் சின்னதா ஒரு வெட்டு. 'இதுக்கு ஆபரேஷன் ஆச்சு'ங்கிறதுக்கு அடையாளம். அது இல்லைன்னா, நாளைக்கு வண்டியில் பிடிச்சுட்டுப் போறவங்க மறுபடி வயித்தைக் கிழிச்சுப் பார்க்க வேண்டி வரலாம். "என் வேலை முடிஞ்சது தம்பி. பத்து நாள் உங்க வேலை"ன்னார் டாக்டர். ஆபரேஷன்தான் பெரிய விஷயம்னு நினைச்சுட்டிருந்த எங்களுக்கு அதோட அர்த்தம் அப்போ புரியலை.

முதல் ராத்திரி... மயக்கம் தெளியாம தள்ளாடுது. கண்ணு பாதி திறந்திருக்கு, உடம்பு நடுங்குது. பயந்துட்டோம். மயக்க மருந்து கொடுத்தா உடம்புச் சூடு இறங்கும். அதுவும் சின்ன உடம்புன்னா சூடு சீக்கிரமே வெளியே போயிடும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல கோட்டை விட்டது, கண்ணெதிரே நடுங்கிட்டுக் கிடந்தது! ஃபேனை நிறுத்திட்டு, கட்டில் வேண்டாம்னு தரையிலேயே போர்வை விரிச்சோம். உயரத்தில் இருந்து குதிச்சா தையல் போயிடும். முழுசாத் தெளிஞ்சதும் கொஞ்சமா தண்ணி, அப்புறம் வழக்கத்தில் பாதி சாப்பாடு. அதையும் ஒரு தடவை வாந்தி எடுத்துச்சு. அன்னிக்கு அது சகஜம்னாங்க.

'வலிக்குமே, அரை குரோசின் கொடுக்கலாமா?'ன்னு ஒருத்தன் டப்பாவைத் திறந்துட்டான். நல்லவேளை, போன் பண்ணிக் கேட்டோம். டாக்டர் அலறிட்டார். நம்ம பாரசிட்டமால், புரூஃபன் எல்லாம் நாய்க்கு விஷம் மாதிரி. ஈரல், கிட்னி வரைக்கும் போயிடும். அவர் எழுதிக்கொடுத்த வலி மருந்து மட்டும்தான், அதுவும் சாப்பாட்டோட. இதை மட்டும் உங்க ரூம் சுவத்துல எழுதி ஒட்டி வெச்சுடுங்க மக்களே!

உண்மையான ஆபத்து மூணாவது நாள் வந்தது. எப்படின்னா... அரியர் சூப்பரா ஆயிடுச்சு! வாலை ஆட்டுது, பந்து கேட்குது, பால்கனியில் காக்காவைத் துரத்துது. உடம்பு ஆறலை, வலி மட்டும்தான் குறைஞ்சிருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கே தெரியலையே. கழுத்துல இருந்த பிளாஸ்டிக் கூம்பு கதவிலும் சுவரிலும் இடிச்சு இடிச்சு ஓரமெல்லாம் உடைஞ்சிருந்தது. நாலாம் நாள் ராத்திரி சேலத்துக்காரன், "பாவம்டா, தூங்கட்டும்"னு அதைக் கழட்டிட்டான்.

ரெண்டு மணிக்கு சளக் சளக்னு சத்தம். லைட்டைப் போட்டா, அரியர் வயித்தை நக்கிட்டிருக்கு. ரெண்டு தையல் காணோம். தோல் பிளந்து, போர்வையில் ரத்தம். டாக்டருக்குப் போன் போட்டா அவர் முதல்ல கேட்டது, "உள்ளே இருந்து ஏதாவது வெளியே தெரியுதா? ஈறு வெளுத்திருக்கா?" உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். ஈறு ரோஸ் கலர்லதான் இருந்தது. "சுத்தமான துணியை வெச்சுக் கட்டுங்க. நக்க விடாதீங்க. விடிஞ்சதும் வாங்க." விடியறவரைக்கும் சேலத்துக்காரன் அதன் தலையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைத் திட்டலை. அதுதான் அவனுக்குப் பெரிய தண்டனையா இருந்திருக்கும்.

காலையில் டாக்டர் பார்த்துட்டு, "தோல் தையல்தான் போயிருக்கு. உள்ளே சதையில் போட்டது நிக்குது. அதுவும் போயிருந்தா குடல் வெளியே வந்திருக்கும்"னு சாதாரணமாச் சொன்னார். மறுபடியும் மயக்கம், மறுபடியும் தையல், நாள் கணக்கு மறுபடியும் ஒண்ணுல இருந்து!

இப்போ புதுக் கூம்பு வேணும். கடையில் இருந்ததெல்லாம் லாப்ரடார் சைஸ். இங்கேதான் என்ட்ரி கொடுத்தான் எங்க மெக்கானிக்கல் மச்சான். இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் பேப்பரை மூணு வருஷமா சுமக்கிறவன். கழுத்துச் சுற்றளவை நூல் பிடிச்சு அளந்தான். கழுத்துல இருந்து மூக்கு நுனி வரைக்கும் நீளம், அதுக்கு மேல ரெண்டு விரல். ஆன்ட்டி வீட்டுல பரண்ல கிடந்த பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வாங்கி, காம்பஸ் எடுத்து, 'டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேஸ்' போட்டு வெட்டினான். கழுத்தை அறுக்காம இருக்க ஓரத்தில் பழைய காட்டன் துணி, கழுத்துக்கும் காலருக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி. கச்சிதமா உட்கார்ந்தது! ஆன்ட்டியோட மூட்டு எலும்பு படத்தை மாட்டிக்கிட்டு அரியர் நடந்த அழகு இருக்கே...

செமஸ்டர் எக்ஸாமும் அதே வாரம். நாங்க எக்ஸாமுக்குப் போற நேரத்தில் யார் பார்த்துக்கிறது? கேட்காமலே ஆன்ட்டி வந்து நின்னாங்க. "எனக்கு ரெண்டு சிசேரியன். தையல் போட்ட வயிறு எப்படி இழுக்கும்னு உங்களுக்குத் தெரியுமாடா?" அதுக்கப்புறம் அவங்கதான் இன்சார்ஜ். குளிப்பாட்டக் கூடாது, படி ஏறக் கூடாது, கயிறு கட்டி அஞ்சு நிமிஷம் மட்டும் வெளியே. காலையும் சாயங்காலமும் தையலைப் பார்த்து, "லேசா சிவப்பு, சீழ் இல்லை, நாத்தம் இல்லை"ன்னு எக்ஸாம் ஹால் வாசலுக்கே போன்ல ரிப்போர்ட்!

எங்க கவலை வேற ஒண்ணு. ஆறினதும் மறுபடி ஸ்டேஷன் டீக்கடையிலேயே விட்டுடலாம்னுதான் முதல்ல பிளான். பிடிச்ச இடத்திலேயே திரும்ப விடுறதுதான் அதுவரைக்கும் இருந்த விதி. ஆனா 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஓர் உத்தரவு போட்டுச்சு. காலேஜ், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடங்கள்ல இருக்கிற தெருநாய்களைப் பிடிச்சு, கருத்தடை, தடுப்பூசி முடிஞ்ச பிறகும் அதே இடத்தில் விடக் கூடாது. நாய்க்கடி வாங்கினவங்க பக்கம் நின்னு யோசிச்சா கோபப்பட முடியலை. ஆனா, காது வெட்டு வாங்கி, வெறிநாய்க்கடி ஊசியும் போட்டுக்கிட்ட அரியர் எங்கே போகும்? எங்க ஆறு பேர்ல யார் வீட்டுலயும் 'சரி, கூட்டிட்டு வா'ன்னு சொல்லலை.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிச்சாச்சு. கூம்பைக் கழட்டினதும் மேடம் ஒரு நிமிஷம் அசையாம நின்னாங்க, அப்புறம் கேட் வரைக்கும் ஒரே ஓட்டம். திரும்பி வந்து நேரா போர்டிகோவில் படுத்துடுச்சு. அங்கே புதுசா ஒரு அலுமினியத் தட்டு, பக்கத்துல மடிச்ச சாக்கு.

"இதை எங்க விடப்போறீங்க?"ன்னு ஆன்ட்டி கேட்டாங்க. நாங்க தலையைக் குனிஞ்சோம். "காலேஜ் முடிஞ்சா நீங்க ஆறு பேரும் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. இது கேட்டைத் தாண்டட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

மெக்கானிக்கல் மச்சான் மட்டும் அந்த எக்ஸ்ரே கூம்பைப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கான். ஏப்ரலில் மறுபடி அந்தப் பேப்பர் எழுதணுமாம்.