பத்தாண்டு இலாபமும் ஒரு பங்கின் மதிப்பும்

விலையும் மதிப்பும் ஒன்றல்ல. ஈரச்சந்தையில் மீனுக்குச் சொல்லப்படும் விலை கடைக்காரர் கேட்பது. அம்மீன் அவ்விலைக்குத் தகுமா என்பது வாங்குபவர் தாமே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியது. ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. பங்கின் விலை நாள்தோறும் திரையில் தோன்றுகிறது. அதன் மதிப்போ எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை; கணக்கிட்டுத்தான் அறிய வேண்டும். அக்கணக்கு முறைகளுள் ஒன்றை, அதாவது நீண்டகால இலாபத்தைப் பணவீக்கத்துக்கு ஏற்பத் திருத்தி, அதைக்கொண்டு பங்கை மதிப்பிடும் முறையை, இங்கு விளக்க முற்படுகிறோம்.

இது வணிகவியல் பயில்வோர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. மலேசியாவில் ஊழியர் சேமநிதி உறுப்பினர்கள் தங்கள் சேமிப்பின் ஒரு பகுதியை யூனிட் டிரஸ்ட் திட்டங்களில் முதலீடு செய்ய வழியுண்டு. சிங்கப்பூரில் மத்திய சேமநிதி உறுப்பினர்களுக்கும் முதலீட்டுத் திட்டம் உண்டு. ஆகவே, இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் நாளை ஊதியம் பெறத் தொடங்கியதும், அவருடைய முதுமைக்காலச் சேமிப்புப் பங்கு விலைகளோடு பிணைந்துவிடக்கூடும். விலை மிகையா, முறையா என்று கேட்கத் தெரிந்திருப்பது அவருக்குத் தற்காப்பு.

சொற்களைத் தெளிவு செய்வோம்

வருவாய், இலாபம் என்னும் இரு சொற்களையும் அன்றாட வழக்கில் நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். கணக்கியலில் அவை வேறானவை. விற்பனையால் வந்து சேரும் மொத்தப் பணம் வருவாய். செலவு, வட்டி, வரி யாவும் கழிந்து எஞ்சுவது நிகர இலாபம். நிகர இலாபத்தை நிறுவனத்தின் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பங்குக்குரிய இலாபம் கிடைக்கும். பங்கின் விலையை அந்த இலாபத்தால் வகுத்தால் கிடைப்பது விலை-இலாப விகிதம்.

ஒரு பங்கின் விலை 5 ரிங்கிட், அதற்குரிய ஓராண்டு இலாபம் 50 சென் என்றால் விகிதம் 10. இலாபம் இதே அளவில் தொடருமானால், கொடுத்த விலைக்கு ஈடான தொகையை நிறுவனம் ஈட்டப் பத்தாண்டுகள் ஆகும் என்பது இதன் பொருள். விகிதம் குறைந்தால் பங்கு மலிவு, கூடினால் விலை அதிகம் என்று கொள்வது பொது வழக்கு. ‘இலாபம் இதே அளவில் தொடருமானால்’ என்னும் நிபந்தனையை இவ்வழக்கு மறந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தோன்றுகிறது.

ஓர் ஆண்டு ஏன் போதாது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானைச் சோறு முழுவதும் ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில் வேகுவதால் அது பொருந்துகிறது. ஒரு நிறுவனத்தின் ஆண்டுகள் அவ்வாறு ஒரே தீயில் வேகுவன அல்ல. செம்பனை எண்ணெய் விலை உயர்ந்த ஆண்டில் தோட்ட நிறுவனத்தின் இலாபம் பன்மடங்கு பெருகும். விலை வீழ்ந்த ஆண்டில் சுருங்கும். மரங்களும் நிலமும் ஆலையும் அவையே. அந்த ஆண்டின் சந்தை நிலை மட்டுமே வேறு.

இவ்வட்டாரத்தினர் 1997ஆம் ஆண்டு தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடியை மறந்திருக்கமாட்டார்கள். கோலாலம்பூர் பங்குச் சந்தையின் கூட்டுக் குறியீடு 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளிகளைத் தொட்டது. 1998 செப்டம்பர் முதல் நாளில் 262 புள்ளிகளுக்கு இறங்கியது. செழிப்பின் உச்சத்தில் ஈட்டிய இலாபமும், நெருக்கடியின் ஆழத்தில் கண்ட இழப்பும் ஒரு நிறுவனத்தின் இயல்பான ஆற்றலைக் காட்டுவன அல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவ்வாற்றலின் அளவு ஓரளவேனும் புலப்படும்.

ஓராண்டுக் கணக்கு எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு 2009ஆம் ஆண்டின் அமெரிக்கச் சந்தை தெளிவான சான்று. அந்நாட்டின் பெருநிறுவனங்களை உள்ளடக்கிய எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரில் 1,565 புள்ளிகளில் இருந்து, 2009 மார்ச் 9ஆம் நாள் 676 புள்ளிகளுக்கு வீழ்ந்தது. விலை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆயினும், அவ்வாண்டின் நடுப்பகுதியில் அக்குறியீட்டின் ஓராண்டு விலை-இலாப விகிதம் 100ஐத் தாண்டியது! வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் கண்ட பெரும் இழப்பு, மற்ற நிறுவனங்களின் இலாபத்தையும் விழுங்கிவிட்டமையே காரணம். ஏ.ஐ.ஜி. என்னும் ஒரு காப்புறுதி நிறுவனம் மட்டுமே 2008இல் ஏறத்தாழ 9,900 கோடி டாலர் இழப்பை அறிவித்தது. வகுக்கும் எண் சுருங்கியதால் விகிதம் வானளாவியது. வரலாற்றிலேயே விலை மிகுந்த சந்தை இதுதான் என்று ஓராண்டு அளவுகோல் கூறிய வேளையில், பத்தாண்டு அளவுகோல் 2009 மார்ச்சில் ஏறத்தாழ 13 என்று காட்டியது. அது நீண்டகாலச் சராசரியினும் குறைவு. குறியீடு 2013 மார்ச்சில் தன் பழைய உச்சத்தைக் கடந்தது.

முறையின் வரலாறு

ஓராண்டு இலாபத்தை நம்பலாகாது என்னும் கருத்து புதியதன்று. 1929ஆம் ஆண்டுச் சந்தைச் சரிவையும் அதனைத் தொடர்ந்த பெருமந்தத்தையும் கண்ட பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் என்னும் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் இருவர், 1934இல் பங்கு, கடன்பத்திரம் ஆகியவற்றின் ஆய்வு பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டனர். குறைந்தது ஐந்தாண்டுகள், இயன்றால் ஏழு அல்லது பத்தாண்டுகளின் சராசரி இலாபத்தைக் கொண்டே பங்கை மதிப்பிட வேண்டும் என்று அதில் அறிவுறுத்தினர்.

அக்கருத்துக்கு வலுவான புள்ளியியல் அடித்தளம் அமைத்தவர்கள் ஜான் கேம்பல், ராபர்ட் ஷில்லர் என்னும் பொருளியலறிஞர்கள். 1988இல் வெளியான ஆய்வில் அவர்கள், அமெரிக்கச் சந்தையின் 1871ஆம் ஆண்டு முதலான தரவுகளைத் திரட்டி, பணவீக்கத்துக்குத் திருத்தப்பட்ட நீண்டகாலச் சராசரி இலாபத்தோடு விலையை ஒப்பிட்டனர். இவ்விகிதம் மிக உயர்ந்திருந்த காலங்களை அடுத்து வந்த பத்தாண்டுகளில் முதலீட்டாளர் பெற்ற பலன் பொதுவாகக் குறைவாகவும், தாழ்ந்திருந்த காலங்களை அடுத்து வந்த பலன் பொதுவாகக் கூடுதலாகவும் இருந்ததை அவர்களின் ஆய்வுகள் காட்டின. ஷில்லர் 2013இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கணக்கிடும் வழி

பத்தாண்டு இலாபத்தைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் போதாதா? போதாது. பத்தாண்டுகளுக்கு முந்திய ஒரு ரிங்கிட்டும் இன்றைய ஒரு ரிங்கிட்டும் ஒரே அளவு பொருளை வாங்குவதில்லை. இரு வேறு அளவைகளால் அளந்த அரிசியை ஒரே கணக்கில் கூட்டலாகாது அல்லவா? எனவே, ஒவ்வோர் ஆண்டின் இலாபத்தையும் பயனீட்டாளர் விலைக் குறியீட்டின் துணையால் இன்றைய பண மதிப்புக்கு மாற்றிய பின்னரே கூட்ட வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் தோட்ட நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாண்டுகளில் ஒரு பங்குக்கு அது ஈட்டிய இலாபம், சென் கணக்கில், வரிசையாக இது:

20, 26, 38, 30, 12, 8, 22, 34, 48, 60.

அதே ஆண்டுகளின் விலைக் குறியீடு இது என்று கொள்வோம்:

100, 102, 104, 108, 110, 112, 115, 118, 122, 125.

ஓர் ஆண்டின் இலாபத்தை 125ஆல் பெருக்கி, அவ்வாண்டின் குறியீட்டால் வகுக்க வேண்டும். முதலாம் ஆண்டின் 20 சென் இன்றைய மதிப்பில் 25 சென் ஆகிறது. ஆறாம் ஆண்டின் 8 சென் ஏறத்தாழ 8.9 சென் ஆகிறது. பத்தாண்டுகளுக்கும் இவ்வாறே செய்து சராசரி கண்டால் ஏறத்தாழ 33 சென் வரும்.

இன்று பங்கின் விலை 6 ரிங்கிட் 60 சென் என்க. கடைசி ஆண்டின் 60 சென் இலாபத்தை மட்டும் பார்த்தால் விகிதம் 11. பங்கு மலிவாகத் தோன்றும். பத்தாண்டுச் சராசரியான 33 சென்னைக் கொண்டு வகுத்தால் விகிதம் 20. இதையே தலைகீழாக்கிப் பார்த்தால், நூறு ரிங்கிட் முதலுக்கு ஆண்டுக்கு 5 ரிங்கிட் இலாபம். ஓராண்டுக் கணக்கோ 9 ரிங்கிட் என்று ஆசை காட்டுகிறது.

ஆறாம் ஆண்டுக்கு வருவோம். அன்று விலை 2 ரிங்கிட் 40 சென்னாக இருந்திருந்தால், 8 சென் இலாபத்துக்கு விகிதம் 30. நல்ல ஆண்டில் 11, கெட்ட ஆண்டில் 30 என்று ஓராண்டு விகிதம் மாறுகிறது. உச்சத்தில் ‘வாங்கு’ என்றும், பள்ளத்தில் ‘விலகு’ என்றும் அது கூறுகிறது. நெடுங்காலச் சராசரியின் பயன், இத்தகைய வேளைகளில் நம்மை நிதானப்படுத்துவதே.

அளவுகோல் எதைச் சொல்லாது?

இம்முறையை மந்திரக்கோலாகக் கொள்ளுதல் தவறு. அது காலம் காட்டும் கடிகாரம் அன்று. 1996 டிசம்பரில் கேம்பலும் ஷில்லரும் அமெரிக்க மத்திய வங்கியின் ஆளுநர்கள் முன்னிலையில் சந்தை மிகையான விலையில் இருப்பதாக எடுத்துரைத்தனர். ஆயினும், எஸ் அண்ட் பி 500 குறியீடு அதன் பின்னரும் மூன்றாண்டுகளுக்கு மேல் ஏறி, இரு மடங்கானது. 1929இல் 30ஐச் சற்றே தாண்டியிருந்த பத்தாண்டு விகிதம், 1999இன் இறுதியில் 44ஐ எட்டியது. 2000 மார்ச்சில் தொடங்கிய வீழ்ச்சி 2002 அக்டோபர் வரை நீடித்து, குறியீட்டின் மதிப்பில் ஏறக்குறைய பாதியைப் போக்கியது. எச்சரிக்கை பொய்க்கவில்லை; எனினும் அதைக் கேட்ட அன்றே விற்றவர் மூன்றாண்டுகளுக்கு மேல் பிறர் இலாபத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்திருக்கும்.

இரண்டாவதாக, இலாபத்தைக் கணக்கிடும் விதிகளும் காலத்தால் மாறுகின்றன. அமெரிக்காவில் 2001இல் வந்த விதிமாற்றத்துக்குப் பின், மிகை விலை கொடுத்து வாங்கிய நிறுவனங்களின் மதிப்புக் குறைந்தால் அதனை இழப்பாகக் காட்ட வேண்டியதாயிற்று. ஏ.ஓ.எல். டைம் வார்னர் நிறுவனம் 2002இல் 9,800 கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பை அறிவித்தது பெரிதும் இதனால்தான். இத்தகைய கணக்கு இழப்புகள் பத்தாண்டுச் சராசரியைத் தாழ்த்தி, விகிதத்தை உயர்த்திக் காட்டுகின்றன என்பது ஜெரமி சீகல் என்னும் பொருளியலறிஞரின் மறுப்பு. 1990களுக்குப் பின் அமெரிக்க விகிதம் பெரும்பாலான ஆண்டுகளில் பழைய சராசரிக்கு மேலேயே இருந்துவருவதால், பழைய சராசரியை மாறா எல்லையாகக் கொள்வதும் பொருந்தாது.

மூன்றாவது வரம்பு, தனி நிறுவனங்களைப் பற்றியது. நமக்கு மிக முக்கியமானதும் அதுவே. கேம்பலும் ஷில்லரும் ஆராய்ந்தது ஒரு சந்தை முழுவதையும். சந்தையில் ஒரு நிறுவனம் தேய்ந்தால் மற்றொன்று வளரும். தனி நிறுவனத்துக்கு அத்தகைய ஈடு இல்லை. புகைப்படச் சுருளால் உலகப் புகழ் பெற்ற கோடாக் நிறுவனம், எண்மக் கருவிகள் பரவியபின் தன் சந்தையை இழந்து, 2012 ஜனவரியில் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. அத்தகைய நிறுவனத்தின் பழைய இலாபத்தைச் சராசரி கண்டு, ‘பங்கு மலிவு’ என்று மகிழ்வது, வற்றிய கிணற்றின் பழைய நீர்மட்டத்தை நம்பி நாற்று நடுவதை ஒக்கும்.

ஆகவே, தனி நிறுவனத்துக்கு இம்முறையைப் பயன்படுத்துமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் செய்த தொழிலையே நிறுவனம் இன்றும் செய்கிறதா? அதன் இலாபத்தின் ஏற்றத்தாழ்வு திரும்பத் திரும்ப வரும் சுழற்சியா, திரும்பிவராத சரிவா? போனஸ் பங்கு, புதிய பங்கு வெளியீடு முதலியவற்றால் பங்குகளின் எண்ணிக்கை மாறியிருப்பின், பழைய ஆண்டுகளின் இலாபமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டுள்ளதா? இவற்றுக்குத் தக்க விடை கிடைத்தால் பத்தாண்டுச் சராசரி நல்ல துணை. கிடைக்காவிடில், அது துல்லியமாகத் தோன்றும் வெறும் எண்.

வகுப்பறையில் செய்து பார்க்க

இக்கணக்குக்குக் கூட்டல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை மலேசியப் பங்குச் சந்தையும் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கின்றன. விலைக் குறியீட்டை இரு நாடுகளின் புள்ளிவிவரத் துறைகள் வெளியிடுகின்றன. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, பத்தாண்டுகளின் இலாபத்தைத் தொகுத்து, இன்றைய மதிப்புக்கு மாற்றிச் சராசரி காணட்டும். பின்னர், மேற்சொன்ன மூன்று வினாக்களுக்கும் ஆண்டறிக்கைகளிலிருந்தே விடை தேடித் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். கணக்கு, வணிகம், மொழி ஆகிய மூன்றும் அப்பயிற்சியில் ஒன்றுகூடும்.

‘இந்தப் பங்கு மிகவும் மலிவு, இன்றே வாங்குங்கள்’ என்று ஒருவர் சொல்லும் நாள் அம்மாணவர் வாழ்வில் வரத்தான் போகிறது. அன்று அவர், ‘எந்த ஆண்டின் இலாபத்தை வைத்து மலிவு என்கிறீர்கள்?’ என்று கேட்பாராயின், இம்முறையின் பயனில் பெரும்பகுதி அவருக்குக் கிட்டிவிட்டது என்றே கொள்ளலாம்.