சக்கர் மீன்: எந்த வகை, ஆணா பெண்ணா, அப்புறம் என்ன செய்ய?

மூணு வருஷத்துக்கு முன்னாடி ராமநாதபுரத்தில் ஒரு கடையில் "பிரிசில்நோஸ் ஜோடி, குட்டி போடும்" என்று சொல்லி ரெண்டு மீன் கொடுத்தாங்க. ரெண்டும் விரல் நீளம், ரெண்டும் பழுப்பு நிறம். இன்னைக்கு ஒன்று 11 செ.மீ. இன்னொன்று 32 செ.மீ. தொட்டி 3 அடி. பெரியவர் திரும்பும்போது செடி எல்லாம் பிடுங்கிக்கொண்டு வருது. "பேசாம கண்மாயில விட்டுருங்க, பாவம்" என்று வீட்டில் சொன்னாங்க. அந்த ஒரு வரிக்குப் பதில் தேடித்தான் இந்தக் குறிப்பு.

நம்ம ஊர்க் கடைகளில் சக்கர், டேங்க் கிளீனர் என்ற பெயர்களில் விற்பதெல்லாம் ஒரே மீன் கிடையாது. இவை தென் அமெரிக்காவின் லோரிகாரிடே குடும்பம். உடம்பில் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடு, அடியில் உறிஞ்சும் வாய். ஆயிரம் இனங்களுக்குப் பக்கத்தில் இருக்கு. புதுசு புதுசா வந்த மீன்களுக்கு அறிவியல் பெயர் வைக்க நேரம் போதாமல், 1988ல் ஜெர்மனியின் டாட்ஸ் பத்திரிகை எல் என்ற எழுத்தோடு ஒரு எண் கொடுக்க ஆரம்பித்தது. எல் 46 என்றால் வரிக்குதிரை பிளெக்கோ. அதற்கு முறையான பெயர் கிடைத்தது 1991ல்.

எந்த வகை?

நான் பின்பற்றுவது ஒரு சின்ன இஃப்-எல்ஸ் தான். மீனைப் பிடிக்க வேண்டாம். கண்ணாடியில் ஒட்டி முதுகுத் துடுப்பை விரிக்கும்போது போனில் ஒரு படம், வயிற்றுப் பக்கம் இன்னொரு படம். அது போதும்.

முதலில் முதுகுத் துடுப்பு. முன்னால் இருக்கும் தடித்த முள்ளை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் கதிர்களை எண்ணுங்க. 9 அல்லது அதற்கு மேல் இருந்தால் (பெரும்பாலும் 10 முதல் 13) அது டெரிகோப்ளிக்திஸ், அதாவது பாய்மரத் துடுப்பு சக்கர். ஒன்றரை அடி வரை வளரும். 7 கதிர்தான் என்றால் ஹைப்போஸ்டோமஸ், பிரிசில்நோஸ் உள்பட மற்ற வகைகளில் ஒன்று. தலை அகலமா, உடம்பு குட்டையா, மூக்கு ஓரம் தகடு இல்லாமல் மெத்தென்று இருந்தால் பிரிசில்நோஸ். அது 12, 15 செ.மீ.யோடு நின்றுவிடும்.

என் பெரியவருக்கு 12 கதிர். இதை வாங்கும்போதே எண்ணியிருக்கலாம். குட்டியிலும் இதே எண்ணிக்கைதான்.

அடுத்து வயிறு. தனித்தனி கரும்புள்ளி என்றால் பர்டாலிஸ். புள்ளிகள் சேர்ந்து புழு நெளிந்த கோடு மாதிரி ஓடினால் டிஸ்ஜங்டிவஸ். புத்தகப்படி அவ்வளவுதான். ஆனா நடைமுறையில் பாதிப் புள்ளி பாதிக் கோடு என்று வயிறு உள்ள மீன்கள் ஏராளம். ஆசியாவில் தப்பிப் பெருகிய கூட்டங்களில் இவை கலந்து கிடக்கு. அதனால் வயிற்றைப் பார்த்து இனம் சொல்வதைவிட டெரிகோப்ளிக்திஸ் என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஆணா பெண்ணா?

பிரிசில்நோஸில் இது சுலபம். 7, 8 செ.மீ. வந்ததும் ஆணுக்கு மூக்கின் மேல், நெற்றி வரை கிளை விட்ட மீசை முளைக்கும். பெண்ணுக்கு ஒன்றும் இருக்காது, இருந்தாலும் மூக்கின் ஓரத்தில் மட்டும் குட்டையா ஒரு வரிசை. அல்பினோ மீனுக்கும் இதே விதி. முட்டையைப் பொந்துக்குள் காவல் காப்பது ஆண்தான்.

வரிக்குதிரை பிளெக்கோவில் மீசை கிடையாது. செவுள் மூடிக்குப் பக்கத்திலும் மார்புத் துடுப்பு முள்ளிலும் ஆணுக்கு நீளமான முட்கள் இருக்கும். மேலிருந்து பார்த்தால் முட்டை நிறைந்த பெண்ணுக்கு வயிறு அகலம்.

டெரிகோப்ளிக்திஸில்தான் சிக்கல். நிறம், துடுப்பு, அளவு எதுவும் உதவாது. வளர்ந்த மீனைத் திருப்பிப் போட்டு, மலத்துளைக்குப் பின்னால் உள்ள சின்ன மேட்டின் வடிவத்தை வைத்துத்தான் ஓரளவு சொல்ல முடியும். வீட்டில் உறுதியா சொல்லவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்க.

"ஒரே மீன் தானே"

கண்மாயில் விடச் சொல்பவர்கள் சொல்லும் நியாயம் இதுதான். ஒத்தை மீன் எப்படிப் பெருகும்? ஆனா நம்மிடம் இருப்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது. அதே கடையில் அதே தொட்டியில் வாங்கிய இன்னொருத்தரும் அதே கண்மாய்க்கு வரலாம். சென்னை ஏரிகளிலும், திருவனந்தபுரத்துக் கால்வாயிலும், கிழக்கு கொல்கத்தா ஈரநிலத்திலும் இது இன்று கிடைப்பது இப்படி வந்துதான்.

நம்ம மாவட்டத்துக்கு இது கூடுதல் ஆபத்து. வைகைத் தண்ணீர் வந்து முடிவது ராமநாதபுரம் பெரிய கண்மாயில். மேலே எங்கே விட்டாலும் வெள்ளத்தில் கீழே வரலாம். ஆண் மீன் கரை மண்ணைத் தோண்டி, கை நீளத்துக்குப் பொந்து போட்டு அதில்தான் முட்டை வைக்கும். கல்லணை இல்லை, நம்ம கண்மாய்க்கு மண் கரைதான். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பெருமை பேசும் ஊர் இது. அந்தக் கரையில் நூறு பொந்து விழுந்தால் என்ன ஆகும் என்று விவசாயியைக் கேளுங்க.

கோடையில் வற்றினால் செத்துவிடும் என்றும் நம்ப முடியாது. காற்றை விழுங்கி இரைப்பையிலேயே மூச்சு விடும், ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் வெளியே தாங்கும். கடல் நீரின் கால் பங்கு உப்பையும் தாங்கும் என்பதால் முகத்துவாரப் பக்கமும் தடையில்லை.

பறவைகள் தின்றுவிடுமா? போர்ட்டோ ரிக்கோவில் இந்த மீனை விழுங்கிய கூழைக்கடாக்கள் துடுப்பு முள் தொண்டையில் மாட்டிச் செத்திருக்கு. 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் பாசனக் கண்மாய்கள்தான். கூழைக்கடா வரும் இடங்கள்.

அப்புறம் என்ன செய்ய?

பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுக்கலாம். கடையில் திருப்பிக் கொடுக்கலாம், காசு எதிர்பார்க்காமல். எதுவும் முடியாவிட்டால் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கி முடிப்பது, கேட்கக் கஷ்டமா இருந்தாலும், கண்மாயில் விடுவதைவிட நல்லது.

நான் அம்மா வீட்டுப் பழைய சிமெண்ட் தொட்டியைப் பூசி, வலை மூடி, அதில் விட்டிருக்கேன். வெளியேறும் தண்ணீர் தென்னைக்கு மட்டும் போகுது, வாய்க்காலுக்கு இல்லை. இந்த மீன் பத்து வருஷத்துக்கு மேல் வாழும். அதுவரை என் பொறுப்பு.

11 செ.மீ. சின்னவருக்குப் போன மாசம் மீசை முளைச்சிருக்கு. ஆண். ஆக, நான் வாங்கிய "ஜோடி"யில் பாதி மட்டும் உண்மை. அடுத்த தடவை கடைக்குப் போனால் முதலில் கதிரை எண்ணுவேன். நீங்களும் எண்ணுங்க.