ஏட்டுச் சுரைக்காயும் தொட்டிக் கீரையும்

தல வரலாறும் திருவிழாச் செய்திகளும் தாங்கி வரும் நம் ஆண்டு மலரில் கீரையைப் பற்றியும் கணினியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நீங்கள் வியக்கக்கூடும். நம் ஆலயத்தில் அண்மையில் எழுந்த ஒரு மனத்தாங்கலே இதற்குக் காரணம். அதைத் தீர்க்கும் வழியாக "பிளாக்செயின்" என்னும் புதிய தொழில்நுட்பம் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட்டது. அதை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால், என்னிடம் வந்து சேர்ந்தது. நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை.

நடந்தது இதுதான். நம் அன்னதானக் கூட்டுக்கு அடியார்கள் சிலர் தங்கள் வீட்டிலேயே வளர்த்த கீரையைக் கொண்டுவந்து தருகிறார்கள். அவர்களுள் ஒரு மூதாட்டி வாரந்தவறாமல் வெள்ளிக்கிழமை காலையில் நான்கைந்து கட்டுத் தண்டுக்கீரை தருவார். "மூவறை வீட்டில் வாராவாரம் இவ்வளவு விளையுமா? தேக்காவில் வாங்கிவந்து வீட்டுக் கீரை என்று தருகிறார்" என்று யாரோ முணுமுணுக்க, அது அவர் காதுக்கும் எட்டியது. அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

மண்ணில்லாமல் விளையும் கீரை

முதலில் கீரையைப் பார்ப்போம். மண்ணின்றி, சத்துக் கரைந்த நீரில் பயிர் வளர்க்கும் முறைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர். செடிக்கு வேண்டிய உப்புகளை நீரில் கரைத்துக் கொடுத்தாலே அது வளரும் என்பதை 1860-களில் ஜெர்மானிய அறிஞர்கள் சாக்ஸ், நாப் ஆகியோர் மெய்ப்பித்தனர். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர் 1930-களில் இதைச் சோதனைக் கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, தக்காளியை ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்துக் காட்டினார்.

உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் நம் சிங்கப்பூருக்கு இது பொருத்தமான முறை. கிருமித்தொற்றுக் காலமான 2020-இல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு விதைப் பொட்டலங்களை இலவசமாக வழங்கியது பலருக்கும் நினைவிருக்கும்.

வீவக வீட்டுக்கு மிக எளிய வழி, பழக்கடைகளில் கிடைக்கும் வெள்ளை நுரைப் பெட்டி. அதில் சத்துநீரை நிரப்பி, மூடியில் துளையிட்டு, சிறு கிண்ணங்களில் நாற்றை அமர்த்த வேண்டும். நீர் குறையக் குறைய வேரின் மேற்பகுதி காற்றை உட்கொள்ளப் பழகிவிடும். எனவே நீர் குறைந்துவிட்டதே என்று மீண்டும் விளிம்பு வரை நிரப்பிவிடாதீர்கள். காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிப்போனால் செடி மூச்சுத் திணறி வாடிவிடும்.

மற்றும் சில குறிப்புகள். சத்துக்கரைசல் "ஏ", "பி" என இரு புட்டிகளில் வரும். இரண்டையும் நீர் சேர்க்காமல் ஒன்றாகக் கலந்தால் ஒன்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து மற்றதிலுள்ள கந்தக, பாஸ்பரச் சத்துகளோடு சேர்ந்து அடியில் படிந்து வீணாகும். ஒன்றை நீரில் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருப்பது நல்லது. வெயில் நேரே பட்டு நீர் சூடேறினால் அதிலுள்ள உயிர்க்காற்றுக் குறைந்து வேர் அழுகும். பெட்டியில் இடுக்கு இல்லாமல் மூடி வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய நீர் சிறிதளவு இருந்தாலே போதும். நடைபாதையில் வைப்போர் ஆள் செல்லும் வழியை மறிக்கக் கூடாது.

பிளாக்செயின் என்பது யாது?

இனி, கணினிக்கு வருவோம். என் இளைய மகன் அத்துறையில் பணிபுரிபவன். அவன் சொன்னதை என் போன்றோருக்கு விளங்கும் வகையில் சொல்கிறேன்.

பழைய கணக்கப்பிள்ளைகள் ஒவ்வொரு பக்கத்தின் மொத்தத்தையும் அடுத்த பக்கத்தின் தலைப்பில் எழுதித் தொடங்குவார்கள். நடுவில் ஒரு பக்கத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால் அதற்குப் பின்னுள்ள பக்கங்கள் எல்லாம் முரண்படும். பிளாக்செயினின் உயிர்நாடியும் இதுவே. இதில் பக்கத்தைக் "கட்டம்" என்று கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் எழுதியவை அனைத்தையும் கணினி ஒரு கணித முறையில் அரைத்து, ஒரு முத்திரை எண்ணாகச் சுருக்கித் தருகிறது. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் முத்திரை முற்றிலும் வேறாகிவிடும். அந்த முத்திரை அடுத்த கட்டத்தின் தலையில் எழுதப்படுகிறது. இப்படிக் கட்டங்கள் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன.

மற்றொரு சிறப்பும் உண்டு. இந்தப் பேரேடு ஒருவரிடம் மட்டும் இராது. அதன் படிகள் பல கணினிகளில் இருக்கும். ஒருவர் தம் படியைத் திருத்தினாலும் மற்றவர்களின் படிகள் அவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆவணங்களுக்கு இவ்வாறு முத்திரையிட்டுக் கோக்கும் எண்ணத்தை ஹேபர், ஸ்டோர்னெட்டா என்னும் இருவர் 1991-இல் வெளியிட்டனர். சத்தோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008-இல் வெளிவந்த கட்டுரையும், 2009-இல் இயங்கத் தொடங்கிய பிட்காயின் நாணயமுமே இதனை உலகறியச் செய்தன.

உணவுத் துறையிலும் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் செய்த சோதனையில், நறுக்கிய மாம்பழப் பொட்டலம் ஒன்று எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று கண்டறியப் பழைய முறையில் ஏறத்தாழ 7 நாட்கள் பிடித்தன. புதிய முறையில் 2.2 வினாடிகளே ஆயின. 2018-இல் அந்நாட்டில் ஒருவகை இலைக்கோசில் கலந்த கிருமியால் பலர் நோயுற்று, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. எந்தப் பண்ணைக் கீரை என்று விரைவில் தெரிவது எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் வீட்டுச் சோதனை

இதையே நம் அடியார்களின் வீட்டுத் தோட்டத்துக்கும் கொண்டுவரலாம் என்பதுதான் குழுவின் முன் வந்த யோசனை. விதைத்த நாள், நீரின் அளவீடு, அறுவடை எல்லாம் சங்கிலியில் ஏறிவிட்டால் ஐயத்துக்கே இடமிராது என்றார்கள். சொல்வதற்கு முன் செய்து பார்ப்போம் என்று என் வீட்டிலேயே ஒரு பெட்டி வைத்தேன். என் மகன் பி.எச். மானியை நீரில் பொருத்தி, நாளுக்கு ஒருமுறை அதன் அளவு தானாகவே சங்கிலியில் ஏறும்படி செய்தான். மூன்று கணினிகளில் படி இருந்தது.

மூன்று வாரங்கள் கடந்தன. 21 பதிவுகள். எல்லாம் 6.0 என்ற அளவை ஒட்டியே இருந்தன. ஏட்டின்படி என் கீரை மிகச் செழிப்பாக இருந்திருக்க வேண்டும். பெட்டியிலோ இளந்தளிர்கள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. இது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் பழைய முறையில் சோதித்தேன். உண்மையான அளவு 7.5-ஐத் தொட்டது. அவ்வளவு காரநீரில் இரும்பு வேருக்கு எட்டாது. மானியின் முனையை ஈரமாகப் பாதுகாக்காமலும், அளவறிந்த கரைசலில் வைத்துச் சரிபார்க்காமலும் நான் பயன்படுத்தியதே பிழைக்குக் காரணம்.

21 பதிவுகளும் பொய். ஆனால் ஒன்றைக்கூட எவராலும் திருத்த முடியாதபடி அவை பத்திரமாக இருந்தன! சங்கிலி தன் வேலையைக் குறைவின்றிச் செய்தது. எழுதியதை மாற்றவிடாமல் காப்பதே அதன் வேலை. எழுதியது மெய்யா என்று பார்ப்பது அதன் வேலையன்று. வகுப்பில் இல்லாத மாணவனுக்கு வருகை குறித்துவிட்டு அந்தப் பதிவேட்டை இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பதைப் போன்றது இது. சந்தையில் வாங்கிய கீரையை "என் வீட்டில் விளைந்தது" என்று ஒருவர் பதிந்தால், சங்கிலி அதையும் அவ்வாறே காக்கும்.

நமக்கு இது வேண்டுமா?

முகமறியாத பலரின் கைகள் மாறி, கடல் கடந்து வரும் பொருளுக்கு இந்தப் பேரேடு பெரிதும் பயன்படக்கூடும். நம் கீரையோ ஒரு வீட்டிலிருந்து ஆலயச் சமையற்கட்டுக்கு ஒரே கை மாறி வருகிறது. தருபவரை நாம் அறிவோம், அவர் வீட்டையும் அறிவோம். மேலும், அடியார்களின் பெயரும் முகவரியும் அழிக்க இயலாத ஏட்டில் ஏறுவது முறையன்று. தேவை முடிந்த தனிநபர் விவரங்களை அமைப்புகள் வைத்திருக்கக் கூடாது என்கிறது நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டுச் சட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, செலவாவது அறநிதிப் பணம். ஒவ்வொரு வெள்ளியும் யாரோ ஒருவர் உண்டியலில் இட்டது.

இதை அறிக்கையாக எழுதி முடித்தபோது என் மனம் உறுத்தியது. அந்த அம்மையார் வளர்க்கிறாரா இல்லையா என்பதை அறியக் கணினி எதற்கு? நான் ஏன் இன்னும் அவர் வீட்டுக்குப் போகவில்லை? முணுமுணுப்பு எழுந்த அன்று நானும் அங்கேதான் இருந்தேன். மறுத்து ஒரு சொல் சொன்னேனில்லை.

மறுநாளே சென்றேன். சமையலறைக்குப் பின்னால் வெயில் படும் இடத்தில் ஐந்து வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. நான்கில் ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம், நான்கு வாரம் என நான்கு வயதில் கீரை. ஐந்தாவது கழுவிக் காயவைக்கப்பட்டிருந்தது. வாரம் ஒரு பெட்டி விதைத்து, வாரம் ஒரு பெட்டி அறுக்கிறார். சுவரில் தொங்கிய மாதக் காட்டியில் விதைத்த நாளுக்கு மஞ்சள் பொட்டு, அறுத்த நாளுக்குக் குங்குமப் பொட்டு. இரண்டாண்டுக் காட்டிகள் ஆணியிலேயே இருந்தன. அவர் கைவிடாத கணக்கு அது.

திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "எழுதி வச்சாத்தான் நம்புவீங்கன்னா என் கீரை உங்களுக்கு எதுக்கு வாத்தியாரையா? ஒரு நாள் வந்து பாத்திருக்கலாமே" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

குழு என் அறிக்கையை ஏற்றது. கரித்தாள் வைத்த சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று சமையற்கட்டில் வைக்கப்பட்டுள்ளது. கீரை தருவோருக்கு ஒரு படி, ஆலயத்துக்கு ஒரு படி. ஆண்டுக்கு இருமுறை குழு உறுப்பினர் இருவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் செல்வர். சோதனைக்காக அன்று. நன்றி சொல்லவும், புதிதாக வளர்ப்போர் கற்றுக்கொள்ளவுமே. அம்மையார் இப்போது மீண்டும் வருகிறார். வளர்க்கும் முறையை எங்களுக்குக் கற்றுத் தருபவரும் அவரே. என் பெட்டியும் இப்போது பச்சை பிடித்துவிட்டது.

புதிய தொழில்நுட்பத்தை நான் பழிக்கவில்லை. அதற்குரிய இடத்தில் அது நற்கருவி. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது, அழிக்க முடியாத ஏட்டுக்கும் பொருந்தும். சென்று காணவேண்டியதைச் சென்று கண்டால்தான் தெரியும். இளையோர் வீட்டில் ஒரு பெட்டியாவது கீரை வளர்க்க முன்வர வேண்டும் என்றும், எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நலம் அருள வேண்டும் என்றும் வேண்டி அமைகிறேன்.