பல்லின்மை குறிக்கும் சொற்கள்: விலங்கியல் மொழிபெயர்ப்பு நோக்கில்

பல்லில்லா விலங்கைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. எவ்வகைப் பல்லின்மைக்கு எச்சொல் பொருந்தும் என்பதே மொழிபெயர்ப்பாளர் தெளிய வேண்டுவது. கன்னடமும் தமிழும் அருகருகே வழங்கும் பெங்களூரு போன்ற நகரில், ஒரே குறிப்பை இரு மொழிகளிலும் எழுத நேரும்போது இவ்வினா எழுகின்றது.

தமிழ் வழக்கு காரணம் நோக்கி வேறுபடுத்துகின்றது. 'பல் பிடுங்கிய பாம்பு' என்பது பிறர் செயலால் நேர்ந்த இழப்பையும், 'பல் போன சிங்கம்' என்பது முதுமையால் நேர்ந்த இழப்பையும் உணர்த்தும். 'பொக்கை' என்பது வாயின் தோற்றத்தைச் சுட்டுவது. முதியோர்க்கும் மழலையர்க்கும் பொதுவாயினும் பெரும்பாலும் மக்கட்கே உரியது. இயற்கையான இன்மைக்கு 'இலி' ஈறு பெற்ற 'பல்லிலி' பொருந்தும். 'பல்லில்லாத' என்பது காரணம் சுட்டாது; கன்னடத்தின் 'ஹல்லில்லத' என்பதும் அத்தகையதே. இவ்விரு மொழிச் சொற்களிடையே பகர ஹகர மாற்றம் வெளிப்படை.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தால் பிழை நேரும். கூவியே 1798இல் வழங்கிய 'எடென்டாட்டா' என்னும் வகைப்பெயர், பல் நீக்கப்பெற்றவை என்னும் பொருள்தரும் இலத்தீன் எச்சத்தின் வழி வந்தது. ஆயின் அதனுள் அடங்கிய ஸ்லாத்திற்கும் ஆர்மடில்லோவிற்கும் பற்கள் உண்டு. முன்பற்கள் இன்மையே பெயருக்குக் காரணம். அப்பெயரைப் 'பல்லிலிகள்' என மொழிபெயர்த்தால், மூலத்தின் பொருத்தமின்மை தமிழில் மேலும் வலுப்பெறும். எனவே வகைப்பெயரை ஒலிபெயர்த்து, 'பல்லிலி' என்பதை உடலமைப்பு விளக்கத்திற்கு ஒதுக்குதல் நன்று.

கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் வாழும் அழுங்கு உண்மையிலேயே பல்லிலி. எறும்பையும் கறையானையும் நீண்ட நாவால் கவர்ந்து விழுங்கும். அரைக்கும் தொழிலை இரைப்பை செய்யும். எனினும் மக்கள் வழக்கு அதன் பல்லின்மையை நோக்கவில்லை. 'எறும்புதின்னி' என்னும் தமிழ்ப்பெயர் உணவையும், 'சிப்பு ஹந்தி' என்னும் கன்னடப்பெயர் செதிலையும் பன்றி போன்ற உருவையும் நோக்கியவை. மலாய் மொழியினின்று ஆங்கிலம் பெற்ற 'பாங்கோலின்' சுருண்டுகொள்ளும் இயல்பைச் சுட்டுகின்றது.

'எறும்புதின்னி' தென்னமெரிக்க விலங்கிற்கும் வழங்குவதால் மயக்கம் தரும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிரைப் பற்றிய அறிவிப்பில் இம்மயக்கம் சிறிதன்று. எவ்விலங்கைக் கொல்லலாகாது என்பதைப் படிப்போர் ஐயமின்றி அறிதல் வேண்டும். ஆண்டு 'அழுங்கு' என்பதே தக்கது. பெயர் விலங்கை அடையாளங்காட்டட்டும். பல்லின்மையை விளக்கம் உரைக்கட்டும்.