அன்னமய்யாவுக்கு மார்க்கெட் வந்த கதை

ஏ.டி. கேம்ப்பெல் கும்பினி காலத்துச் சென்னை அதிகாரி. தெலுங்குக்கு இலக்கணம் எழுதியவர். திருமலைக் கோயிலில் ஆயிரக்கணக்கில் செப்பேடுகள் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு, பார்த்துவர ஆள் அனுப்பினார். ஓர் இலக்கண நூல் கிடைத்தது, படியெடுத்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் வெறும் சாமி பாட்டு என்று ஒதுக்கிவிட்டார்கள். 1816இல் அச்சான தன் நூலில் கேம்ப்பெல்லே இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சாமி பாட்டுதான் அன்னமய்யா என்கிற தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாருடையது. இன்று அவர் ஊர்ப்பக்கம் 108 அடிச் சிலை நிற்கிறது. அவரைப் பற்றிய தெலுங்குப் படம் 1997இல் வந்து ஓடு ஓடென்று ஓடியது. சபா கச்சேரியில் துக்கடா நேரம் வந்தால் அவர் பாட்டு ஒன்றாவது கேட்டுவிடும். இந்த மார்க்கெட் முழுக்க கடந்த நூறு வருஷத்தில் வந்தது.

வாழ்ந்த காலத்தில் (1408–1503) அவருக்குப் புகழ் இல்லாமல் இல்லை. அரசன் சாளுவ நரசிம்மன் தன் மீது ஒரு பாட்டுக் கட்டச் சொன்னான், இவர் மறுத்துவிட்டார், விலங்கு பூட்டினான் என்று குடும்ப வரலாறு சொல்கிறது. எழுதியவர் பேரன் சின்னண்ணா. 32,000 பாட்டு என்ற கணக்கும் அவர் கொடுத்ததே. கிடைத்திருப்பவை 12,000க்கு மேல். அவற்றைச் செப்பேட்டில் வெட்டவைத்தவர் மகன் பெத்த திருமலாச்சாரியார். ஓலையில் எழுதினாலே போதும் என்றிருந்த காலத்தில் அத்தனை பாட்டையும் செம்பில் ஏற்ற எவ்வளவு காசும் செல்வாக்கும் வேண்டும்! அப்பாவின் பெயர் நிற்கவேண்டும் என்று மகன் போட்ட முதலீடு அது. கோயிலுக்குள்ளேயே ‘சங்கீர்த்தன பண்டாரம்’ என்று ஓர் அறையும் அமைந்தது.

பிறகு விஜயநகரம் சரிந்தது. புரவலர்கள் மாறினார்கள், நிர்வாகம் மாறியது, அறையை யாரும் கேட்கவில்லை. தமிழ் வாசகருக்கு இங்கே தில்லை அறையும் கரையான் தின்ற தேவார ஏடும் நினைவுக்கு வரும். அங்கே கதவைத் திறக்க ஒரு ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் வந்தார்கள். திருமலையில் அப்படி ஒருவர் வர 1922 வரை ஆயிற்று. கல்வெட்டு அறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி கவனம் செலுத்த, செப்பேடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அச்சு வேலை தொடங்கியது. வேடூரி பிரபாகர சாஸ்திரி போன்ற பண்டிதர்கள் அதில் உட்கார்ந்தார்கள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். ஒரு செப்பேட்டைக் கையில் எடுத்தால் பாட்டின் தலையில் ராகத்தின் பெயர் இருக்கும். கீழே சாகித்தியம். அவ்வளவே, ஸ்வரம் கிடையாது. தியாகராஜருக்கு வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று சிஷ்யர் வழிகள் இருந்து பாட்டைக் காப்பாற்றிக் கொடுத்தன. அன்னமய்யாவுக்கு அந்த வாய்வழி அறுந்துபோயிருந்தது. போட்டிருக்கும் ராகத்திலேயே பாடிவிடலாமே என்றால் அதுவும் நடக்காது. முகாரி என்று செம்பில் வெட்டியிருக்கிறது. அந்தக் கால முகாரி வேறு ஸ்வர வரிசை, இன்றைக்கு நாம் உருகும் முகாரி வேறு. சில ராகங்கள் பெயரோடு நின்றுவிட்டன.

ஆகவே இன்று காதில் விழும் அன்னமய்யா மெட்டு அநேகமாக இருபதாம் நூற்றாண்டுக்காரர்கள் போட்டது. மைசூரில் பேராசிரியராக இருந்து திருப்பதிக்கு வந்த ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு உயிர் கொடுத்தார். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி வந்தார். ‘நானாடி பதுகு’ ரேவதியில் ஒலிப்பது அவரால்தான். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1978இல் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பாலாஜி பஞ்சரத்ன மாலா இசைத்தட்டுகள் வெளிவந்தன. தெலுங்கு தெரியாத வீட்டுப் பூஜையறைக்கும் அன்னமய்யா போய்ச் சேர்ந்தது அப்போதுதான். திருப்பதியில் எம்.எஸ்.ஸுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது, நியாயம்தான்.

கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் வேறு வழியில் போனார். 1978 முதல் அந்தத் திட்டத்தில் இருந்து 600க்கு மேற்பட்ட பாடல்களுக்கு மெட்டமைத்தார். சங்கதி அடுக்காமல், கூட்டம் கூடவே பாடும்படியான எளிய மெட்டுகள். 2025 மார்ச்சில் அவர் மறைந்தபோது ஆந்திராவே துக்கம் கொண்டாடியது. சபா ரசிகர்களில் ஒரு சாராருக்கோ இது மெல்லிசை, கீர்த்தனையின் கனம் இல்லை என்ற குறை. ராள்ளபள்ளி மெட்டுதான் சுத்தம் என்பார்கள். 15ஆம் நூற்றாண்டு மெட்டு யார் காதிலும் விழாதபோது, ‘சுத்தம்’ என்று எதை வைத்து அளப்பது? ராள்ளபள்ளி மெட்டுப் போட்ட 1950களை வைத்துத்தான்.

விமர்சகர் ஒரு பக்கம், ஜனங்கள் ஒரு பக்கம் என்பது கர்நாடக சங்கீதத்தின் தனிச்சொத்து இல்லை. அமெரிக்காவின் சீயாட்டலில் கிளம்பிய கிரன்ஜ் ராக் இசையிலும் இதே ரகளை. ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ் என்ற குழு 1992இல் முதல் ஆல்பம் போட்டது. 1994 தொடக்கத்தில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் வாசகர்கள் அவர்களைச் சிறந்த புதுக்குழு என்றார்கள். அதே பத்திரிகையின் விமர்சகர்கள் மோசமான புதுக்குழு என்றார்கள். பேர்ல் ஜாம் குழுவைக் காப்பியடிக்கிறார்கள் என்று புகார். அந்தப் பேர்ல் ஜாமையே நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் கம்பெனிச் சரக்கு என்று கேலி செய்துகொண்டிருந்தார். 2017இல் பேர்ல் ஜாமுக்கு ராக் அண்ட் ரோல் புகழ்மாடத்தில் மரியாதையோடு இடம் கிடைத்தது. நிர்வாணாவோ 1994இல் கோபேன் மரணத்தோடு நின்றுவிட்டது. மோசமான கடைசி ஆல்பம் போட அவர்களுக்கு வாய்ப்பே இல்லை; மதிப்பு இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்னமய்யா விஷயத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. செப்பேடுகளில் பெரும்பகுதி பக்திப் புலம்பல் இல்லை, சிருங்காரம். அலமேலுமங்கை பேசுகிறாள், கோபிக்கிறாள், குத்திக்காட்டுகிறாள். மேடைக்கு வந்ததோ பெரும்பாலும் ‘ஆத்யாத்ம’ வகை, அதாவது தத்துவமும் சரணாகதியும். பூஜையறைக்கு ஏற்றதைப் பொறுக்கிக்கொண்டார்கள். வேல்சேரு நாராயண ராவும் டேவிட் ஷுல்மனும் 2005இல் ஆங்கிலத்தில் கொடுத்த தேர்வைப் படித்தால் அன்னமய்யா ஆளே வேறாகத் தெரிகிறார். குறும்பும் ஊடலும் தெரிந்த மனிதர். இந்த அன்னமய்யாவுக்கு இன்னும் சபாவில் நாற்காலி போடவில்லை.

கைக்குக் கிடைத்ததை வைத்தே ஒருவரை அளக்கும் இந்தக் கதையில் சித்தூர்ப் பக்கத்திலும் ஒரு வழக்கு இருக்கிறது. புங்கனூரில் 1898இல் பிறந்தவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1954இல் சங்கீத கலாநிதி. அவருடைய குரு காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. பக்கவாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்து ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்தவர். லயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பழைய ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். ஆனால் நாயனா பிள்ளை கிராமபோனுக்குப் பாட மறுத்துவிட்டார், 1934இல் காலமானார். சிஷ்யர் மறுக்கவில்லை. ஆனந்தபைரவியில் அவர் பாடிய ‘மதுர நகரிலோ’ தட்டு வீடு வீடாகச் சுழன்றது. குருவா சிஷ்யரா என்று இப்போது யாராவது வாதாட உட்கார்ந்தால், ஒரு தரப்பு சாட்சிக்குத் தட்டைப் போட்டுக் காட்டும். மறு தரப்புக்குத் தாத்தா சொன்ன கதைதான் கையிருப்பு. ஆனாலும் நாயனா பிள்ளை கட்சிக்காரர்கள் இன்றுவரை விட்டுக்கொடுத்ததில்லை.