ஒன்பதரை மணி நேரம் பதின்மூன்றான கதை

இரண்டு விமான நிலையங்களின் பெயர்களைக் கொடுத்தால், இடைப்பட்ட தூரத்தையும் பயண நேரத்தையும் கைப்பேசி நொடியில் சொல்லிவிடுகிறது. தூரம் வெறும் கணக்கு, மாறாது. நேரத்துக்கு அந்த உறுதி கிடையாது.

பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோ ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். பன்னாட்டு வணிகம் கற்பித்த நாள்களில், உலக உருண்டையின் மீது இவ்விரு நகரங்களுக்கிடையே நூலை இழுத்துப் பிடித்துக் காட்டுவேன். தட்டையான வரைபடம் நமக்கு ஏற்படுத்தும் எண்ணத்துக்கு மாறாக, நூல் வடக்கே வளைந்து சைபீரியாவின் மீது செல்லும். "நூலுக்குக் கீழே இருக்கும் நாடு சம்மதிக்க வேண்டாமா, ஐயா?" என்று மாணவி ஒருவர் கேட்டார். என் பாடக் குறிப்பில் அதற்கு இடம் இருக்கவில்லை.

வேண்டும்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்பரப்பின் மீது முழு இறையாண்மை உண்டு என்கிறது 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை. சோவியத் அரசு தன் வானை எளிதில் திறக்கவில்லை. பல ஐரோப்பிய விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஜப்பான் சென்ற காலம் அது. 1983-இல் ஃபின்னேர் நிறுவனம் வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு டோக்கியோவுக்கு நேரடியாகப் பறந்தது. சுமார் 13 மணி நேரம் பிடித்தது.

பின்னர் சைபீரிய வழி கிடைத்தது. பயணம் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. அந்த வழிக்கு ரஷியா கட்டணம் வசூலித்தது. ஆயினும் இலாபம்தான். போகவும் வரவும் ஏறத்தாழ இருபது மணி நேரம். பயணிகளை இறக்கி ஏற்ற எஞ்சியது போதும். ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்து, மறுநாளும் அதே வேளையில் புறப்படலாம். சிறிய நாடொன்றின் நிறுவனம் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் வாசலாகத் தன்னை ஆக்கிக்கொண்டது இந்த எளிய கணக்கின் மீதுதான்.

2022 பிப்ரவரி இறுதியில், உக்ரைன் போரையொட்டி ஐரோப்பிய ஒன்றியமும் ரஷியாவும் ஒன்றுக்கொன்று வானை மூடின. டோக்கியோ பயணம் மீண்டும் சுமார் 13 மணி நேரமானது. போக வர 26 மணி நேரம் என்றால், நாள்தோறும் ஒரு சேவை நடத்த ஒரு விமானம் போதாது. விமானிகள் கூடுதலாக வேண்டும். எரிபொருளும் கூடும், அந்தக் கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே மேலும் எரிபொருள் செலவாகும். சுமையின் ஒரு பகுதி வழியிலேயே உருகிப்போவதுபோல் போக்குவரத்துச் செலவைக் கணக்கிடலாம் என்றார் பால் சாமுவேல்சன். பனிப்பாறையை அவர் உவமையாகக் கொண்டது இங்கே எவ்வளவு பொருத்தம்! துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு அந்நிறுவனம் சான்றிதழும் வழங்கியது. இழந்த மூன்றரை மணி நேரத்துக்கு அது ஈடாகுமா என்பதைப் பயணிகள்தாம் சொல்ல வேண்டும்.

சீன விமான நிறுவனங்களுக்கு இந்தத் தடை இல்லை. ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையே அவை இன்றும் ரஷிய வானில், நூல் காட்டும் வழியை ஒட்டியே பறக்கின்றன.