முகப்பருவுக்கு வீட்டிலேயே ஜெல்
கற்றாழை மட்டும் போதுமா? கெட்டுப்போகாமல் இருக்க என்ன வழி?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மும்பையில் வியர்வை காய்வதே இல்லை. மின்சார ரயிலில் நசுங்கி இறங்குவதற்குள் முகத்தில் எண்ணெய் வழிகிறது. நெற்றியிலும் கன்னத்திலும் பருக்கள் கிளம்புகின்றன. பையன்களும் இதற்கு விலக்கல்ல.

தாராவியானாலும் செம்பூரானாலும் தமிழர் வீட்டு ஜன்னல் கம்பிக்குள் ஒரு தொட்டிக் கற்றாழை இருக்கும். மராத்தியர்கள் இதைக் "கோர்பட்" என்பார்கள். கடை ஜெல்லுக்குக் காசு கொடுப்பானேன், இதையே பூசலாமே என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். நினைப்பதில் தவறில்லை. செய்யும் விதத்தில்தான் கோளாறு நேருகிறது.

மடலை வெட்டியதும்...

கற்றாழை மடலை வெட்டினால் முதலில் மஞ்சள் நிறத்தில் ஒரு பால் வடியும். கசப்பான இந்தப் பால் தோலில் அரிப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். "கற்றாழை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்கிறவர்கள் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது இந்தப் பால்தான். வெட்டிய மடலை ஒரு டம்ளரில் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்தால் பால் வடிந்துவிடும். பிறகு கழுவி, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுத்து அடித்து வடிகட்ட வேண்டும்.

இந்தச் சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமி வளரும். பிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. வாரக்கணக்கில் வைத்துப் பூசினால், பருவுக்கு மருந்து போடுவதாக நினைத்துக்கொண்டு கிருமியைத் தடவுவதாக முடியும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்பது வெறும் நம்பிக்கை. எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது.

கற்றாழை எரிச்சலைத் தணிக்கும், ஈரம் தரும். பருவை அது மட்டுமே போக்கிவிடும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

பருவுக்குப் பலன் தருவது எது?

நியாசினமைடு என்பது வைட்டமின் பி3-ன் ஒரு வடிவம். 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், 76 பேருக்கு எட்டு வாரம் சிகிச்சை தந்து பார்த்தார்கள். 4 சதவீத நியாசினமைடு ஜெல், டாக்டர்கள் எழுதித் தரும் 1 சதவீத கிளிண்டாமைசின் ஜெல்லுக்கு ஏறத்தாழ ஈடாகப் பலன் தந்தது.

இதை வீட்டிலும் செய்யலாம். ஆனால் கரண்டிக் கணக்கு உதவாது. பொன் நிறுப்பது போலப் புள்ளிக் கணக்கில் காட்டும் சிறு தராசு வேண்டும். 50 கிராம் ஜெல்லுக்கு, காய்ச்சி வடித்த நீர் 45.5 கிராம், கிளிசரின் 1.5 கிராம், நியாசினமைடு 2 கிராம், சாந்தன் பிசின் அரை கிராம், பீனாக்சிஎத்தனால் கலந்த பாதுகாப்புப் பொருள் அரை கிராம். கடைசியாகச் சொன்னதுதான் கெடாமல் காப்பது. அளவைக் கூட்டவும் வேண்டாம், "கெமிக்கல்" என்று பயந்து விட்டுவிடவும் வேண்டாம்.

பிசினை நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். முதலில் கிளிசரினில் குழைத்துக்கொள்ள வேண்டும். நியாசினமைடை நீரில் கரைத்து, அதைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி அரை மணி நேரம் விட்டால் கெட்டிப்படும். பாதுகாப்புப் பொருளைக் கடைசியில் சேர்க்கலாம். பி.எச். தாளில் 5-க்கும் 6-க்கும் இடையே காட்ட வேண்டும். வெந்நீரில் கொதிக்கவைத்து, ஈரம் போக உலர்த்திய சீசாவில் அடைத்து, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நிறமோ வாடையோ மாறினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

எலுமிச்சம்பழத்தை முகத்தில் பிழியும் பழக்கத்தை எந்த மகராசன் தொடங்கி வைத்தாரோ! அதன் புளிப்பு தோலுக்கு மிகக் கடுமை. பூசிக்கொண்டு வெயிலில் போனால் புண்ணாகிக் கறுத்துவிடும். சமையல் சோடாவும் பற்பசையும் அதே ரகம்தான்.

எந்த ஜெல்லையும் முதலில் தாடைக்குக் கீழே சிறிது தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். சிவக்காவிட்டால், அரிக்காவிட்டால் மட்டுமே முகத்துக்கு. எட்டு வாரமாவது பொறுத்தால்தான் பலன் தெரியும்.

இந்தப் பொறுமை இல்லாமல்தான் பலர் மருந்துக்கடையில் கேட்டு, சிவப்பாக்கும் கிரீம் வாங்கிப் பூசுகிறார்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. நாலே நாளில் முகம் பளபளக்கும். சில மாதத்தில் தோல் மெலிந்து, சிவந்து, முன்னைவிட அதிகமாகப் பரு கிளம்பும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

அப்படிப்பட்ட கிரீமை மாதக்கணக்கில் பூசியவர்கள் வீட்டு ஜெல்லை நம்பி இருக்கக் கூடாது. வலியுள்ள பெரிய கட்டிகள், தழும்பு விழும் பருக்கள், ஒரே அளவில் அரிக்கும் சிறு பொரிகள் உள்ளவர்களும் அப்படியே. சயான் மருத்துவமனையிலும் கே.இ.எம். மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. போகும்போது, பூசிக்கொண்டிருந்த கிரீம் டியூபையும் கையோடு எடுத்துச் சென்றால் டாக்டருக்கு விஷயம் உடனே புரியும்.